இரண்டு பட்டம் கையில் இருக்கிறது, எல்எல்எம்முக்கு எப்போது போவது?

கேள்வி: நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். வயது 28. பேராதனையில் பொருளியல் சிறப்புக் கலைமாணி, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. அதன் கடைசி வருடத்திலேயே திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிக்குப் பதிந்து, ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே போன வருடம் முடித்தேன். அதில் கீழ்ப்பிரிவுதான் கிடைத்தது. இப்போது இங்கிலாந்தில் எல்எல்எம் (சட்ட முதுமாணி) செய்ய ஆசை. சட்டக் கல்லூரிக்குப் போகாமல் நேரே போகலாமா? எல்லோரும் சர்வதேச வர்த்தகச் சட்டம் எடு, அதற்குத்தான் மதிப்பு என்கிறார்கள். எனக்குத் தொழிற்சட்டத்தில்தான் மனம் போகிறது. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி அனுபவம் இல்லை. எங்கள் டிவிசனில் ஓய்வுபெற்ற சிலருக்குச் சேவைக்காலப் பணம் குறைவாக வந்தபோது கணக்குப் போட்டு, தொழில் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கண்டியில் ஒரு முகவர், இப்போதே மூன்று இலட்சம் கட்டினால் செப்டம்பருக்கு இடம் நிச்சயம் என்கிறார். அம்மா "படிச்சது போதும்" என்கிறார். என் விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரி: "சிறு வயது முதலே நீதியின் மீது எனக்குத் தீராத தாகம் இருந்தது." சரியாக இருக்கிறதா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த முகவர் விஷயத்தை முடித்துவிடுவோம். காசு போகப்போவது அங்கேதான். கட்ட வேண்டாம். ஏற்கனவே கட்டியிருந்தால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மூலச் சான்றிதழ்களை உடனே திருப்பி வாங்குங்கள். இங்கிலாந்தில் முதுமாணிப் படிப்புக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அதன் இணையத்தளத்திலேயே நீங்களாக விண்ணப்பிக்கலாம். சில இடங்களில் சிறிய விண்ணப்பக் கட்டணம் உண்டு, பல இடங்களில் அதுவும் இல்லை. முகவருக்குக் கமிஷன் கொடுப்பது பல்கலைக்கழகம். அதனால் அவர் காட்டும் பட்டியலில் கமிஷன் தருகிற பல்கலைக்கழகங்கள்தான் இருக்கும். "இடம் நிச்சயம்" என்பதும் பெரிய விஷயம் இல்லை. முழுக் கட்டணம் கட்டத் தயாரான வெளிநாட்டு மாணவருக்கு அங்கே இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கஷ்டம் அந்தக் கட்டணத்தில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது 20,000 பவுணைத் தாண்டும். நம் காசில் 80 இலட்சத்துக்கு மேல். லண்டனில் பெயர்பெற்ற இடங்களில் அதைவிட இன்னும் எவ்வளவோ கூட.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். விசாவுக்குச் செலவுப் பணம் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும். "அதை நாங்கள் காட்டித் தருகிறோம்" என்று சில முகவர்கள் வட்டிக்கு ஏற்பாடு செய்வார்கள். பொய்யான ஆவணம் கொடுத்தது தெரியவந்தால் பத்து வருடத்துக்கு அந்த நாட்டு விசாவை மறந்துவிட வேண்டியதுதான். அந்தப் பேச்சு வந்தவுடனே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். சட்டக் கல்லூரியா, எல்எல்எம்மா? சட்டக் கல்லூரி. அதுவும் கிடைக்கிற அடுத்த பதிவிலேயே. எல்எல்எம் எங்கே எடுத்தாலும், கேம்பிரிட்ஜிலேயே எடுத்தாலும், நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு கட்சிக்காரருக்காக எழுந்து நிற்க அது உங்களுக்கு உரிமை தராது. அந்த உரிமை, கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் முன் சத்தியப்பிரமாணம் செய்த பிறகுதான் வரும். உங்களுக்கு உள்ளூர்ச் சட்டமாணி இருப்பதால் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதத் தேவையில்லை. குறித்த பரீட்சைகளை முடித்து, ஆறு மாதப் பயிற்சி நெறியையும், ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிலுநர் காலத்தையும் தாண்டினால் போதும். இதை விட்டுவிட்டு வெளிநாடு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்எல்எம்மோடு திரும்பி வந்து, தங்களைவிட ஐந்தாறு வயது குறைந்தவர்களோடு உட்கார்ந்து மறுபடி பரீட்சைக்குப் படிப்பது சுலபமில்லை. பாதிப்பேர் அந்தப் பக்கமே போவதில்லை.

பரீட்சை மொழி பற்றிப் பலர் குழம்பியிருக்கிறார்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்துக்கு மட்டும் மாற்ற வந்த 2020ஆம் வருட வர்த்தமானியைப் பாராளுமன்றம் 2023இல் தோற்கடித்தது. நீங்கள் எந்த மொழியில் எழுதினாலும், வெளிநாட்டுத் திட்டம் இருப்பதால் ஆங்கிலத்தில் சட்டம் எழுதிப் பழகுவதை ஒரு வாரம்கூட நிறுத்தாதீர்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிப் பாருங்கள். எல்எல்எம் வகுப்பில் ஒவ்வொரு வாரமும் செய்யப்போகிற வேலை அதுதான்.

என் பதில் மாறக்கூடிய ஒரு இடம் உண்டு. வழக்காட விருப்பமே இல்லை, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகத்தான் போகவேண்டும் என்றால் எல்எல்எம் முன்னால் வரலாம். ஆனால் சட்டத்துறை விரிவுரையாளர் பதவிகளில் முதலில் பார்ப்பது சட்டமாணியின் வகுப்பு. அங்கே உங்கள் கீழ்ப்பிரிவு குறுக்கே நிற்கும். உங்கள் கடிதத்தின் போக்கைப் பார்த்தால் நீங்கள் நீதிமன்றப் பக்கம் நிற்கவேண்டிய ஆள் மாதிரித்தான் தெரிகிறது.

அடுத்தது, எந்தத் துறை. "அவ்வளவுதான்" என்று நீங்கள் தள்ளிவிட்ட விஷயத்தைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி (நீங்கள் சொன்ன சேவைக்காலப் பணம்தான் பணிக்கொடை), நாட்சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். நாளுக்கு 1,350 ரூபா வாங்கிய காலத்தில் ஓய்வுபெற்ற ஒரு அம்மாவுக்கு, வருடத்துக்கு 18,900. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்திருந்தால் 661,500 ரூபா வரவேண்டும். அதில் ஒன்றரை இலட்சம் குறைந்தால் அது எங்கே போனது? கணக்கப்பிள்ளை செக்ரோலில் (தொழிலாளர் வேலைநாள் பதிவேட்டில்) பெயர் ஏற்றிய திகதியிலா, இடையில் பிள்ளை பெற்று வீட்டிலிருந்த காலத்தை "சேவை முறிவு" என்று வெட்டியதிலா, 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனபோது முந்திய சேவையை யாரும் கணக்கில் எடுக்காததிலா? இந்தக் கேள்விகளுக்குச் சட்டப் புத்தகம் மட்டும் போதாது, கணக்கும் தெரியவேண்டும். அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். எழுதிக் கொடுத்த கடிதத்தின் பிரதியும் கணக்குத் தாளும் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

சம்பள விஷயத்தையும் இதே கண்ணால் பாருங்கள். தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் பேசிச் சம்பளத்தை முடிவுசெய்த கூட்டு ஒப்பந்த முறை உடைந்து, 2021இல் ஆகக்குறைந்த சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபை ஊடாக நாட்சம்பளமாக 1,000 ரூபா வந்தபோது கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. 2024இல் 1,700 ரூபாவுக்கு வர்த்தமானி வந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, கடைசியில் 1,350இல் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் கம்பனிகள் தரப்பு ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவைப் புள்ளிவிவரத்தோடு வைக்கும். தொழிலாளர் தரப்பில் அந்தப் புள்ளிவிவரத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த சட்டத்தரணிகள் மலையகத்தில் எத்தனை பேர்? மிகக் குறைவு. பொருளியலும் சட்டமும் சேர்ந்து வைத்திருக்கிற நீங்கள் போய் நிற்கவேண்டிய இடைவெளி அது. 1941ஆம் வருடத்துச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஒரு துறையின் "கொடுக்க முடிந்த அளவு" எப்படித் தீர்மானிக்கப்படவேண்டும், அதை நீதிமன்றம் எவ்வளவு தூரம் மீளாய்வு செய்யலாம், மற்ற நாடுகளில் எப்படி? இதுவே ஒரு எல்எல்எம் ஆய்வுக் கட்டுரைக்குப் போதுமான கேள்வி. பெருந்தோட்டங்களுக்கென்றே 1958இல் வந்த, ஐஎல்ஓவின் (சர்வதேச தொழில் அமைப்பின்) 110ஆம் இலக்க உடன்படிக்கையையும் ஒரு தடவை படித்து வையுங்கள்.

வர்த்தகச் சட்டம் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் நல்ல நிறுவனங்களில் அதற்கு நல்ல சம்பளம் உண்டு. குடும்பச் சுமை காரணமாக அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "மதிப்பு" என்று பிறர் சொன்னதற்காகப் போகாதீர்கள். சர்வதேச வர்த்தகச் சட்டம் எழுதி விண்ணப்பிக்கும் ஆயிரக்கணக்கானோரில் நீங்களும் ஒருவராக நிற்பீர்கள். அங்கே உங்கள் கீழ்ப்பிரிவுதான் முதலில் கண்ணில் படும்.

பல்கலைக்கழகத் தெரிவில் பெரும்பாலானோர் தரவரிசைப் பட்டியலைத் திறந்து மேலேயிருந்து கீழே வருவார்கள். நீங்கள் பாடப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தொழிற்சட்டம் உண்மையிலேயே இந்த வருடம் நடக்கிறதா என்று பாருங்கள். இணையத்தளத்தில் முப்பது விருப்பப் பாடம் போட்டிருப்பார்கள், அதில் பாதி அந்த வருடம் நடக்காது. கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் வரும். நடத்துகிறவர் யார், அவர் கடைசியாக எழுதியது எதைப்பற்றி என்பதையும் பார்க்கவேண்டும். தொழிற்சட்டத்துக்கு எல்எஸ்ஈ (லண்டன் பொருளியல் பள்ளி), கிங்ஸ் கல்லூரி, பிரிஸ்டல் ஆகியவை நல்ல இடங்கள். மனித உரிமைப் பக்கமாகப் போனால் எசெக்ஸ், சுவீடனில் லுண்ட். எல்எஸ்ஈயில் அந்தப் பாடத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் ஒட்டோ கான்-ஃபிராயிண்ட். பெர்லினில் தொழில் நீதிமன்ற நீதிபதியாக இருந்து, 1933இல் நாசிகள் பதவியைப் பறித்ததால் லண்டனுக்கு வந்தவர். கூட்டுப் பேரம்பேசல் பற்றி அவர் எழுதியதை நம் கூட்டு ஒப்பந்தக் கதையோடு வைத்துப் படித்தால் உங்களுக்குப் பல விஷயங்கள் விளங்கும். கேட்காமலே சொல்கிறேன், இருந்தாலும் படியுங்கள்.

இங்கிலாந்து மட்டும்தான் உலகம் என்றில்லை. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் ஒரு வருட எல்எல்எம் இருக்கிறது. புதுடில்லியில் சார்க் நாடுகளுக்காக ஆரம்பித்த தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட எல்எல்எம் உண்டு. இந்தியத் தொழிற்சட்டமும் நம் சட்டமும் ஒரே காலனித்துவ வேரிலிருந்து வந்தவை என்பதால் ஒப்பிட்டுப் படிக்க அது வசதி, செலவும் குறைவு. உள்ளூரில் கொழும்புப் பல்கலைக்கழக எல்எல்எம்மை வேலையில் இருக்கும் சட்டத்தரணிகள் பலர் செய்கிறார்கள். ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாக பஸ்ஸில் போய்வந்து அதைச் செய்ய முடியுமா என்பதை உங்கள் உடம்பைக் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தின் எல்எல்எம் குற்றவியல் நீதி நிர்வாகம் பற்றியது. நல்ல நெறி, ஆனால் உங்கள் கேள்விக்கு ஒத்துவராது.

காசு. சொந்தக் காசிலோ கடனிலோ இங்கிலாந்துக்குப் போகவேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். எண்பது இலட்சம் கடனோடு திரும்பி வருகிறவர் தொழில் நியாய சபையில் தோட்டத் தொழிலாளிக்காக நிற்க முடியாது. கடனைக் கட்ட எங்கே காசு வருகிறதோ அங்கேதான் போவார். எனவே புலமைப்பரிசில் கிடைத்தால் போவது, இல்லாவிட்டால் அடுத்த வருடம் மறுபடி முயல்வது. உங்களுக்குப் பொருந்துபவை இரண்டு. ஒன்று பிரித்தானிய அரசின் ஷெவனிங். வழக்கமாக ஆகஸ்ட் அளவில் திறந்து ஒக்டோபரிலோ நவம்பரிலோ மூடும், விண்ணப்பிக்க ஒரு சதமும் செலவில்லை. 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். கலைமாணி முடித்த பிறகு நீங்கள் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், அநேகமாக இப்போதே தாண்டியிருக்கும். எந்தெந்த வேலை கணக்கில் வரும் என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ளவும். படித்து முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. உங்களுக்கு அது சாதகம். இரண்டாவது பொதுநலவாயப் பகிர்வுப் புலமைப்பரிசில். சொந்தச் செலவில் இங்கிலாந்தில் படிக்க வசதியில்லாதவர்களுக்கானது. அங்கே உங்கள் பின்னணியை மறைக்காமல் எழுதுங்கள். கெஞ்சலாகவும் எழுதாதீர்கள். வருமானம், குடும்ப நிலை, அவ்வளவுதான்.

இரண்டிலும், விண்ணப்பத்திலோ நேர்முகத்திலோ, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வரும்: "ஏற்கனவே இரண்டு பட்டம் இருக்கிறதே, மூன்றாவது எதற்கு?" இதற்கு "அறிவை விருத்திசெய்ய" என்று பதில் சொன்னவர்கள் அங்கேயே கதையை முடித்துக்கொண்டவர்கள். பொருளியலும் சட்டமும் சந்திக்கிற இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் தேட இலங்கையில் ஆசிரியர் போதவில்லை, திரும்பி வந்து இன்ன இடத்தில் இன்ன வேலை செய்வேன் என்று நான்கு வரியில் சொல்லத் தெரியவேண்டும்.

அதனால் அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். தீராத தாகம் எல்லாருக்கும் இருக்கிறது, விண்ணப்பம் படிக்கிறவர் அதை ஒரு நாளில் நூறு தடவை பார்க்கிறார். அந்த இடத்தில் இதைப் போடுங்கள்: "எங்கள் டிவிசனில் ஓய்வுபெற்ற பெண்களின் பணிக்கொடைக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தபோது, ஒவ்வொருவருக்கும் எத்தனை வருடச் சேவை விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தது." எத்தனை பேர், எவ்வளவு ரூபா, தொழில் அலுவலகம் என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் அடுத்த வரிகளில் வரட்டும். பலிக்கவில்லை என்றால் பலிக்கவில்லை என்றே எழுதுங்கள். ஏன் பலிக்கவில்லை என்பதிலிருந்துதான் உங்கள் படிப்புக்கான காரணம் பிறக்கும்.

கீழ்ப்பிரிவு பற்றி இரண்டு வசனம் போதும். முழுநேர வேலையோடு படித்தேன், கடைசி வருடப் பெறுபேறுகள் முந்தியவற்றைவிட உயர்ந்தவை (உண்மையாக இருந்தால் மட்டும்). முன்னணி இடங்கள் பெரும்பாலும் மேற்பிரிவு கேட்கும். ஆனால் பொருளியல் பட்டத்தில் அது உங்களிடம் இருக்கிறது, சட்டத்தரணியாகச் சில வருட அனுபவமும் சேர்ந்தால் கவனிப்பார்கள். மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதினால் ஏதோ மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

சிபாரிசுக் கடிதம் திறந்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு தனித் தலைவலி. விரிவுரையாளருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்காது. ஒப்படைகளை யார் திருத்தினார் என்று பார்த்து, நல்ல புள்ளி வந்த ஒன்றின் பிரதியோடு நேரில் போய்ப் பாருங்கள். பெறுபேற்றுப் பட்டியல், கட்டுரை வரைவு, எந்தெந்தப் பல்கலைக்கழகம், கடைசித் திகதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொடுத்து, ஒரு மாத அவகாசமும் கொடுங்கள். பேராதனையிலிருந்து ஒருவர், நீங்கள் பயிலுநராக இருக்கப்போகும் சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவர் என்று அமைந்தால் நல்ல சோடி.

அப்புறம், நம்மவர்களுக்கென்றே இருக்கிற ஒரு தொல்லை: பெயர். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார், அடையாள அட்டையில் இன்னொரு விதம், பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாக, கடவுச்சீட்டில் முதலெழுத்து மட்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரம், உயர்தரம், இரண்டு பட்டம், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி போதுமாக இருக்கலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள், அதற்கு மாதக்கணக்கில் போகும். சட்டக் கல்லூரிப் பதிவுக்கும் இதே பெயர்ச் சிக்கல் வரும் என்பதால் இந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பயிலுநர் காலத்தில் கையில் காசு வராது, அதுவரை வீட்டுக்கு நீங்கள் கொடுத்துவந்தது நிற்கும். அவரோடு வாதாடாமல் ஒரு தாளில் மாதம் மாதமாகக் கணக்கு எழுதிக் காட்டுங்கள். இப்போதைய வேலையைப் பகுதி நேரமாக மாற்ற முடியுமா என்று நிறுவனத்தில் கேளுங்கள். எல்எல்எம் பேச்சை இப்போது வீட்டில் எடுக்கவேண்டாம். "முதலில் சட்டத்தரணியாகிறேன்" என்றால் அம்மாவுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

ஐஈஎல்டீஎஸ் ஆங்கிலப் பரீட்சையை இப்போது எழுதவேண்டாம். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். நீங்கள் விண்ணப்பிக்கும்போது காலாவதியாகிவிடும், கட்டிய காசும் வீண். சத்தியப்பிரமாணம் முடிந்த பிறகு எழுதுங்கள். எல்எல்எம்முக்குப் பொதுவாக 7 கேட்பார்கள், எழுத்துப் பகுதியில்தான் நம் பிள்ளைகள் அரைப் புள்ளியில் தவறவிடுகிறார்கள்.